உன் அம்மாவின் வலது தோள்

சாமி,

நீ பெங்களூருக்குப் போய் இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நீ வண்டி ஏறும் முன்னால் என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, அம்மா தோள்ல என்னப்பா இருக்குது?" என்றாய். "என்ன இருக்கும், எலும்பு இருக்கும்" என்று சொன்னேன். சொன்ன கையோடு, பஸ்ஸைப் பின்னால் எடுத்த டிரைவரிடம், "ஏய்யா, மனுசன் நிக்கறது தெரியல?" என்று சண்டைக்குப் போனேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நடுவழியில் நின்றது நான்தான். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி போனாய். அந்தப் பார்வை ஒரு மாதமாக என்னை விடவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை எடுத்தேன். போனில் எனக்கு "சாப்டியா, அங்க மழையா" என்பதற்கு மேல் வாய் வராது, உனக்கே தெரியும். அதனால் உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். தையில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிசியோதெரபி படித்து முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலையை விட்டு, உடம்பின் ஆழத்தில் இறுகிப் போனதைக் கையால் தளர்த்தும் வைத்தியம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் என்ன கத்து கத்தினேன்! "ஊரான் முதுக அமுக்கி உடறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன். மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். பெண் வீட்டாரிடமும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும்.

நீ ஐப்பசியில் வந்திருந்தபோது ஒரு பட்டத்துப் புழு வளர்ந்து கூடு கட்டி முடிந்து, பட்டுப்புழு வளர்க்கும் நம் கொட்டகை காலியாக இருந்தது. கழுவி, சுண்ணாம்புத் தூள் போட்டுக் காய வைத்திருந்தோம். அங்கேதான் சிமெண்டுத் தரையில் இரண்டு கம்பளியை விரித்து உன் அம்மாவைப் படுக்கச் சொன்னாய். அவள், "ஐயய்யே, பெத்த புள்ள கையில முதுகக் குடுத்துட்டுப் படுக்கறதா, வெக்கக்கேடு" என்று முந்தானையை இழுத்து இழுத்து மூடினாள். நீ, "என்ன குளிப்பாட்டறப்போ நான் வெக்கப்பட்டனாம்மா?" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் படுத்தாள்.

நான் சுண்ணாம்பு வாளியோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய் ஊற்றித் தட்டுவாய், நீவுவாய், பட்டென்று சொடக்கு எடுப்பாய் என்று நினைத்தேன். நீ ஒன்றும் செய்யவில்லை. கையை வைத்தாய், சும்மா இருந்தாய். பிறகு கொஞ்சம் அழுத்தினாய், மறுபடியும் சும்மா இருந்தாய். இதற்கா இரண்டு வருடம் படித்தான் என்று எனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டேன். உன் முழங்கை அவளுடைய வலது தோள் சப்பைக்குக் கீழே போய் நின்றதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மூச்ச உடும்மா. நான் எங்கயும் போகல" என்றாய். அவள் விட்டாள். அந்த மூச்சோடு ஒரு சத்தம் வந்தது. இருபத்தெட்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், உன் பிரசவத்தின்போது வெளியில் நின்றிருக்கிறேன், அந்த மாதிரிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு அழுதாள். "எப்பா… எங்கப்பா…" என்று, சின்னப் பிள்ளை சந்தையில் கை விட்டுப் போனால் அழுவதைப் போல அழுதாள். நீ கையை எடுக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. நானாக இருந்தால், "ச்சே, என்ன இது, எந்திரி" என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கைப்பிடி பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் என் விரலில் இருந்தது.

மறுநாள் காலை அவள் வலது கையைத் தூக்கிக் கொடியில் புடவை காயப்போட்டாள். நீ பார்த்தாய், நானும் பார்த்தேன், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். இத்தனை வருடமாக இடது கையால்தான் தலை வாரிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் மேல் அடுக்குப் புழுவுக்கு மல்பெரித் தழை போட அவளுக்குக் கை எட்டாது, அது என் வேலை என்று ஆகியிருந்தது. எத்தனை டாக்டர், எத்தனை ஊசி! தர்மபுரியில் ஸ்கேன் எடுத்தோம். "பெரிசா ஒண்ணும் இல்லீங்க, வயசாவுது இல்ல" என்றார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய் ஐந்து தீர்த்தத்திலும் தலை நனைத்துக் கூட்டிவந்தேன். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. நீதான் சொன்னாய், "எல்லா நோவும் அப்படி இல்லப்பா, சிலது வெறும் தசை இறுகினது. சிலதுல மட்டும் கூட வேற என்னமோ மாட்டிக்கிட்டு இருக்கும். அத நான் எடுக்க முடியாது. அவங்களா உடணும், நான் பக்கத்துல இருக்கலாம், அவ்ளோதான்." நீ இதைச் சொல்லும்போது நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாட்டுக்கு அப்போது தாகமே இல்லை.

சரி, சொல்கிறேன். உனக்கு அப்போது நான்கு வயது. உன் அம்மாவின் அப்பா, உன் தாத்தா, நல்லம்பள்ளிப் பக்கத்தில் தன் ஊரில் இருந்தார். உன் அம்மா என்றால் அவருக்கு உயிர். ஒரே பெண். மாங்காய் சீசனில் தலையில் கூடையோடு இரண்டு பஸ் மாறி வந்து, "பாப்பா திங்கட்டும்" என்று இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார். நம் தோட்டத்தில் மாமரம் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும், இருந்தாலும் கொண்டுவருவார்.

அந்த முறை கொட்டகை நிறையப் புழு. அதற்கு முந்தின பட்டம் முழுக்க நோய் வந்து, குழி வெட்டிக் கொட்டி மூடியிருந்தோம். இந்த முறையும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு நானும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை. புழு நான்காவது தோலை உரித்து எழுந்து ஆறாவது நாள். அந்த நாட்களில் அது தின்கிற தீனி இருக்கிறதே, மழை பெய்வதைப் போல இரைச்சல் கேட்கும். வேளை தவறாமல் தழை விழ வேண்டும். இன்னும் இரண்டு நாளில் பழுத்துக் கூடு கட்ட ஏறிவிடும். வெட்டுவதற்கு, சுமப்பதற்கு, போடுவதற்கு நானும் அவளும்தான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில், முதல் பஸ்ஸில் உன் மாமன் வந்து இறங்கினான். உன் அம்மா கொட்டகைக்குள் இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா போயிட்டாரு மாப்ள. கோழி கூப்பிடறப்போ" என்றான். உள்ளே வரப் பார்த்தவனை வேலிப் படலிலேயே கை நீட்டி நிறுத்தினேன். "சாவு வூட்ல இருந்து வந்திருக்கீங்க மச்சான், உள்ள புழு இருக்குது" என்றேன். புழுவுக்குத் தீட்டு ஆகாது என்பது நம் பக்கத்தில் புழு வளர்க்கிற எல்லோரும் பார்க்கிற வழக்கம், அவனுக்கும் தெரியும். அவனும் கோபப்படவில்லை. இன்னும் நான்கு ஊருக்குச் சொல்லப் போக வேண்டும் அவன். "நாலு மணிக்கு எடுக்கறோம். பாப்பாவக் கூட்டிக்கிட்டு வெரசா வந்துருங்க" என்றான். "இதோ, பொறத்தாலயே வர்றோம்" என்றேன். அவன் போய்விட்டான். எல்லாம் ஒரு பீடி குடிக்கிற நேரம்.

நான் கொட்டகைக்குள் போனேன். அவள் தழையை உதறிப் போட்டுக்கொண்டே, "யாருங்க, பேச்சுக் கொரல் கேட்டுச்சு?" என்றாள். அந்த இடத்தில் நான் மனிதனாக இருந்திருக்க வேண்டும். "உங்கண்ணன் வந்துட்டுப் போறாரு. உங்கப்பாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு முடியலையாம். மத்தியானத் தழைய முடிச்சுட்டு ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துரலாம்" என்றேன். என் கணக்கு என்னவென்றால், மத்தியானத் தழை விழுந்துவிட்டால் சாயங்காலம் வரை தாங்கும், நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், மகள் வராமல் எடுக்கவா போகிறார்கள் என்பதுதான். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவாள், தழை நின்றுவிடும், புழு போய்விடும் என்று பயந்தேன். பயந்தேன் என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அப்பாவைச் சீக்கிரம் பார்க்க வேண்டுமே என்று, பேய் பிடித்தவள் போல வெட்டினாள். இரண்டு நடையில் சுமக்க வேண்டிய தழையை ஒரே கட்டாகக் கட்டி, ஈரக் கோணியோடு வலது தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினாள். "அப்பாவுக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். வரப்பில் கால் சறுக்கி, கட்டு ஒரு பக்கமாக இழுத்தபோது அந்தத் தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. "ஆ" என்றாள், கட்டைக் கீழே போடவில்லை. நான் அவளுக்குப் பின்னால் இன்னொரு கட்டோடு வந்துகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் செத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது, சாமி. அவருக்குக் கஞ்சி வைக்கப்போகிறேன் என்றாள், நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். தர்மபுரியில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம், அது வெகு நேரம் வரவே இல்லை. நல்லம்பள்ளியில் இறங்கும்போது வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மழை வந்துவிடும் என்று மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். அவர்கள் தெருமுனையில் நாங்கள் திரும்பியதும் தரையெல்லாம் சாமந்திப் பூ கொட்டிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பூவைப் பார்த்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் நம்மில் இல்லை. முகம் பார்க்கவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் அழவில்லை. மல்பெரிப் பால் பிசுபிசுத்துக் கறுத்துப்போன கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிவந்துவிட்டேன். தீட்டு என்று மச்சானைப் படலில் நிறுத்திய அதே வாயால், "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உள்ள போயித் தழையப் போடு" என்றேன். போட்டாள். அந்த முறை கூடு எப்படி வந்தது தெரியுமா! பட்டுக்கூடு அங்காடியில் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் "யாரு வளத்தது?" என்று கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பஸ் கிடைக்காமல் போனதுதான் காரணம் என்று நானே என்னை நம்ப வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவள், "தோள் கொல்லுதுங்க" என்னும்போதும் தைலம் வாங்கிவந்து கொடுத்தேன், டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளுக்காக நான் எவ்வளவு செய்கிறேன் என்று எனக்குப் பெருமைகூட உண்டு. ஒரே ஒரு தடவைகூட அந்தத் தோளை நான் தொட்டுப் பார்த்ததில்லை. தைலத்தைக்கூட நீ தேய்ப்பாய், இல்லை அவளே தேய்த்துக்கொள்வாள். எனக்குப் பயம், தொட்டால் தெரிந்துவிடும் என்று.

முந்தாநாள் மறுபடியும் புழு ஆறாவது நாளில் இருந்தது. மத்தியானத் தழைக்கு நானும் அவளும் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். காலையிலிருந்து சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தேன். நீ அவளிடம் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மூச்சை விடு என்று. அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, "இங்க பாரு, உங்கப்பா செத்த அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன். மச்சான் என்ன சொன்னான், நான் அவனை எங்கே நிறுத்தினேன், அவளிடம் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னாது?"

"அன்னைக்கே தெரியும். எங்கண்ணன் சுடுகாட்டுல இருந்து வந்ததும் கேட்டான். 'மாப்ளகிட்ட விடியறப்பவே சொல்லிட்டு வந்தனே பாப்பா, ஏன் இத்தன நேரம்?'னு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு கெடைக்கலன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? எங்கூட்டு ஆளுங்க முன்னால உங்கள உட்டுக் குடுக்கச் சொல்றீங்களா?"

கேட்டாயா சாமி? இருபத்து மூன்று வருடம். நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்த பொய்யை எனக்காக அவள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அப்பன் முகத்தைப் பார்க்காமல் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், அந்த நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். "அப்பறம் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கல?" என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இந்தப் பட்டத்துல சொல்லுவாரு, அடுத்த பட்டத்துல சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பறம் பாக்கறதையும் உட்டுட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் அம்மா தோளில் ஒரு தழைக்கட்டு இருக்கிறது, உன் தாத்தா இருக்கிறார், நான் இருக்கிறேன். உன் கைக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊரான் முதுகை அமுக்குகிறான் என்று நான் சொன்னது தப்பு. நேற்று பெண் வீட்டுக்குப் போன் செய்து, மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இல்லை, இறுகிப்போன உடம்பைக் கையால் தளர்த்தும் வைத்தியம் செய்கிறான், அவன் அம்மாவுக்கே செய்தான் என்று சொன்னேன். "அது அப்பவே பொண்ணு சொல்லிருச்சுங்க" என்றார்கள். என் பொய் எதுவும் யாரிடமும் செல்லுபடியாவதில்லை போலிருக்கிறது. நீ முதலிலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாய், அந்தப் புத்தி உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது. அதை விடாதே. ஒரு நல்லது கெட்டதை உனக்கு வரப்போகிறவளிடம் சொல்ல வேண்டுமென்றால் தழை போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று மட்டும் நினைக்காதே. தழை கிடக்கட்டும். புழு செத்தால் அடுத்த பட்டம் உண்டு. அடுத்த தடவை வரும்போது அந்தக் கம்பளியை எனக்கும் விரித்துப் போடு. எங்கே வலிக்கிறது என்று என்னிடம் கேட்காதே, நீயே தேடிக்கொள். நான் கத்துவேன், நீ கண்டுகொள்ளாதே.

இன்னும் கொஞ்சம்தான். அன்றைக்கு அவள் அப்படிச் சொன்ன பிறகு நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டோம். மத்தியானத் தழை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எழுந்து போவோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. நான் அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, அந்த வலது சப்பையின் மேல் கையை வைத்தேன். எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. தப்பான இடத்தில் கட்டைவிரலை வைத்து நான் ஒரு அழுத்து அழுத்த, "ஸ்… யப்பா! புள்ளகிட்ட ஒரு நாளு போயிக் கத்துக்கிட்டு வாங்க, ஒண்ணுந் தெரியல உங்களுக்கு" என்றாள். நான் சட்டென்று கையை இழுத்துக்கொள்ளப் போனேன்.

"கைய எடுக்காதீங்க" என்றாள்.